பின்பக்கப் பொடி எழுத்து

அன்புள்ள தம்பி,

திருத்தணியில் கால்நடை மருத்துவராகச் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டதும் எனக்கு ஆந்திரப் பக்கம் போகும் நகரிச் சாலைதான் நினைவுக்கு வந்தது. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. இன்றும் மாடு ஓட்டி வருபவர்களில் பலர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். சத்து டானிக்குக்கு எல்லை கிடையாது. மருந்து ஆய்வாளருக்கு உண்டு. அவரவர் வட்டத்துக்குள்தான் கைவைக்க முடியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். சினை பிடிக்காத பசுவுக்கு ஒரு வைட்டமின் டானிக்கை எழுதிக் கொடுத்தேன். கேனின் முன்பக்கம் ‘சினை நிற்கும், மடிநோய் தீரும்’ என்றிருந்தது. அந்த அம்மா மூன்று மாதம் பால் காசில் வாங்கி ஊற்றினார். மாடு சினைக்கு நிற்கவில்லை. அப்புறம்தான் கடையில் ஒரு கேனைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ‘தீவனச் சேர்க்கை’. மருந்து உரிம எண்ணே இல்லை.

நோய் தீர்க்கும் என்று விற்றால் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி அது மருந்துதான். பின்பக்கம் தீவனம் என்று எழுதித் தப்பிக்க வழியில்லை. உரிமம் வேண்டும். ‘மனிதருக்கு அல்ல, கால்நடைச் சிகிச்சைக்கு மட்டும்’ என்ற வாசகமும், வீட்டு விலங்கின் தலைப்படமும் லேபிளில் இருக்க வேண்டும். முதலில் அந்தத் தலையைத் தேடு.

வெறும் சத்துதானே என்று விட்டுவிடாதே. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 21 போலோ குதிரைகள் செத்தன. போட்டது சத்து மருந்து. கலந்து கொடுத்த மருந்தகம் ஒரு பொருளின் அளவைத் தவறாகப் போட்டிருந்தது, செலினியம் மிஞ்சிப்போயிற்று. நம் மாட்டுக்கோ பி வைட்டமின்களைப் பெரும்பாலும் முதல் வயிற்றின் நுண்ணுயிரிகளே செய்து கொடுத்துவிடும். பச்சைத் தீவனம் காய்ந்த கோடையில் ஏ வைட்டமின் குறையும்; அதை மட்டும் கவனி.

சந்தேகம் வந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதே, ஆய்வாளருக்கு எழுது. அவர் எடுக்கும் மாதிரியைப் பங்கு பிரித்து முத்திரையிட்டு, ஒரு பங்கைக் கடைக்காரரிடமே கொடுப்பார். நாளைக்கு யாரும் மறுக்க முடியாது. மாட்டுக்காரரே பணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கலாம். சட்டத்தின் 26ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. இதைத் தெலுங்கிலும் சொல்லிப் பழகு. பில் வாங்கச் சொல், உடைக்காத கேன் ஒன்றை வைக்கச் சொல்.

அந்த அம்மாவைத் தேடிப் போனேன். பில் இல்லை. காலிக் கேன்களில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். லேபிள் ஊறிக் கழன்று போயிருந்தது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உன் மூத்த சகா