வைஃபை பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டு வைஃபை பாஸ்வேர்டு மறந்துபோய்விட்டது, லேப்டாப்பிலிருந்து எடுத்தால் அது ஹேக்கிங் ஆகாதா என்று கேட்டிருந்தாய். உன் நெட்வொர்க், உன் லேப்டாப் என்றால் தாராளமாக எடு. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, நெட்ஷ் கட்டளையில் நெட்வொர்க்கின் பெயரைக் கொடுத்து, கடைசியில் 'கீ ஈக்குவல்ஸ் கிளியர்' என்று சேர். ஓடிவரும் பட்டியலில் 'கீ கன்டென்ட்' என்ற வரிக்கு நேரே பாஸ்வேர்டு அப்பட்டமாக நிற்கும். மேக்கில் கீசெயினில் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 10இலிருந்து போனே க்யூஆர் கோடாகக் காட்டிவிடுகிறது. எடுப்பது இத்தனை சுலபம் என்பதுதான் நீ யோசிக்க வேண்டிய விஷயம். ஒரு கருவியில் வைஃபை பாஸ்வேர்டைச் சேமித்துவிட்டால், அந்தக் கருவியைத் திறந்து பார்க்க முடிகிற எல்லாரிடமும் அதைக் கொடுத்ததாகவே கணக்கில் வை.

வெப்சைட்டுகள் பாஸ்வேர்டை ஹாஷாக, அதாவது திருப்ப முடியாத வடிவமாக, மாற்றித்தானே வைக்கின்றன, லேப்டாப்பும் அப்படியே செய்தால் என்ன என்பாய். இரண்டுக்கும் வேலை வேறு. வெப்சைட் சரிபார்க்கும் இடத்தில் இருக்கிறது. லேப்டாப்போ ஒவ்வொரு முறை இணையும்போதும் 'எனக்குத் தெரியும்' என்று ரூட்டரிடம் நிரூபிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், 8 முதல் 63 எழுத்து வரையுள்ள பாஸ்வேர்டை நெட்வொர்க்கின் பெயரோடு சேர்த்து 4096 சுற்று கணக்கிட்டு 256 பிட் சாவியாக்குகிறார்கள். பாஸ்வேர்டை அழித்துவிட்டு அந்தச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டாலும், அதை எடுத்தவன் அதைக் கொண்டே உள்ளே வந்துவிடுவான். விண்டோஸ் பாஸ்வேர்டை என்க்ரிப்ட் செய்துதான் ஃபைலில் வைக்கிறது; ஆனால் தானாக இணைய வேண்டுமென்றால் அதைப் பிரிக்கும் வழியும் அதே மெஷினுக்குள் இருந்தாக வேண்டும். ஏஜென்ட் டெஸ்லா என்ற மால்வேர் 2020இல் இந்த நெட்ஷ் கட்டளையையே ஓட்டி வைஃபை பாஸ்வேர்டுகளை அள்ளியது. பூட்டை உடைக்கும் வித்தை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

பாஸ்வேர்டை இப்படிப் பார்க்க அட்மின் உரிமை வேண்டுமே என்றால், வீட்டு லேப்டாப்பில் பெரும்பாலும் இருப்பது ஒரே அக்கவுண்ட், அதுவே அட்மின். தெரிந்துவிட்டுப் போகட்டும், கொஞ்சம் டேட்டாதானே என்ற சமாதானமும் பாதிதான் சரி. டபிள்யூபிஏ2வில் பாஸ்வேர்டு தெரிந்தவர், நீ இணையும் தருணத்துப் பரிமாற்றத்தையும் பிடித்துவிட்டால், வைஃபையின் என்க்ரிப்ஷனை விலக்கிப் பார்க்க முடியும். பேங்க் சைட்டை எச்டிடிபிஎஸ் காப்பாற்றும். ஆனால் அதே நெட்வொர்க்கில் இருக்கும் கேமராவுக்கும், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டோடேயே கிடக்கும் ரூட்டர் அட்மின் பக்கத்துக்கும் அப்படிக் காவல் இருப்பது அரிது. அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 பிறர் டேட்டாவைப் பிரித்துப் படிக்கும் இந்த வழியை அடைக்கிறது. உன் பழைய டிவிக்கு அது புரியுமா என்பது வேறு கேள்வி. பல அலுவலகங்கள் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு தராமல் ஆளுக்கொரு லாகின் கொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு: ஒருவர் வேலையை விட்டால் அவருடையதை மட்டும் மூடினால் போதும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதால் ஒருவரை மட்டும் வெளியேற்ற வழியில்லை.

அதற்காக மாதாமாதம் மாற்று என்று சொல்லமாட்டேன். டிவி, பிரிண்டர், பல்பு வரை மறுபடி இணைத்துக்கொண்டிருப்பது யாராலும் ஆகாது. ஆகாத யோசனையைச் சொல்லிப் பயனில்லை. ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் அதைத் திற. வருகிறவர்களுக்கும் ரூம்மேட்டின் நண்பர்களுக்கும் அதைக் கொடு. மாற்றத் தோன்றும்போது அதை மட்டும் மாற்றலாம். மெயிலுக்கு வைத்திருக்கும் பாஸ்வேர்டை வைஃபைக்கு ஒருபோதும் வைக்காதே. பிறர் லேப்டாப் உன் கைக்கு வந்தால், அதில் சேமித்திருக்கும் பட்டியலை அவர் கேட்காமல் திறக்காதே. அது அவர் போகிற வீடு, அலுவலகம், கடை எல்லாவற்றின் பெயரும் உள்ள பட்டியல். உன் பழைய லேப்டாப்பை விற்பதாகச் சொன்னாயே, ஃபைல்களை அழித்தால் மட்டும் போதாது. 'ரீசெட்' போய், எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் 'ஆன்' செய்துவிட்டுக் கொடு.

அன்புடன்,
அண்ணன்