ஸ்கேன் அறிக்கைக்குப் பின்

கர்ப்பத்தின் 18 முதல் 20 வாரங்களில் எடுக்கும் ஸ்கேனில், சிசுவின் முதுகுத்தண்டு முழுமையாக மூடவில்லை எனத் தெரியவரலாம். வாலாஜாபேட்டையிலிருந்து வரும் தம்பதியரிடம் அதை எச்சொற்களில் கூறுவது? எங்களிடம் பயிலும் மருத்துவ மாணவர்களை இவ்வாலோசனைகளில் உடன் அமர்த்துகிறோம். அவர்களுள் பலர் முதலில் அடுக்குவது இயலாதவற்றையே: நடக்க இயலாது, சிறுநீரை அடக்க இயலாது. மாற்றுத்திறனாளிகளை அவர்கள் கண்டது பெரும்பாலும் வார்டுக் கட்டிலில்தான்; பள்ளியிலோ பணியிடத்திலோ அன்று.

இத்தனைக்கும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். இதை மாணவர்களுக்குச் சொல்கிறோம். ஆயினும் அரிய மனிதர் ஒருவரைக் காட்டிப் பெற்றோரைத் தேற்றுவதும் முறையன்று. முதுகில் எம்மட்டத்தில் திறப்பு உள்ளது, மூளையில் நீர் சேர்ந்துள்ளதா என்பவற்றைப் பொறுத்தே பாதிப்பு அமையும்.

கடுமையான குறைபாட்டை மருத்துவக் குழு உறுதிசெய்தால், 2021ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி 24 வாரங்களுக்குப் பின்னரும் கருக்கலைப்புக்கு இடமுண்டு. ஒப்புதல் தரவேண்டியவர் 18 வயது நிறைந்த கர்ப்பிணியே. கணவரோ மாமியாரோ அல்லர். கருவைத் தொடர விரும்பினாலும் அதே மதிப்புடன் வழிகாட்டுதல் எங்கள் கடமை.

தயங்காமல் கேளுங்கள்: பிறந்தபின் அறுவை சிகிச்சை எங்கே நடக்கும்? இத்தகைய குழந்தையை வளர்க்கும் குடும்பத்தைச் சந்திக்க இயலுமா? அடுத்த கருவுறுதலுக்கு முன்பே மருத்துவரை அணுகினால், அதிக அளவு ஃபோலிக் அமில மாத்திரையை உரிய காலத்தில் தொடங்கலாம்.