மழைக்கு முன் மண்சுவரைச் செப்பனிடல்

மண்சுவருக்குப் பெருங்கேடு அதன் அடியிலேயே தொடங்குகின்றது. இறவாரத்து நீர் தரையில் வீழ்ந்து தெறித்துச் சுவரடியை அரிக்கின்றது. இவ்விதம் குடைந்த சுவர் அடைமழை இரவில் உறங்குவோர்மீது சாய்ந்து உயிர்ச்சேதம் விளைத்தலும் உண்டு. ஆகையால் புரட்டாசி வெயில் உள்ளபோதே அதனைச் செப்பனிடல் வேண்டும்.

உதிரும் மண்ணைச் சுரண்டி நீக்கி, அவ்விடத்தை நனைத்தல் வேண்டும். களிமண்ணோடு மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துச் சில நாள் புளிக்கவைத்து மிதித்து, சிறிது சிறிதாக அப்புதல் வேண்டும். களிமண் மட்டுமாயின் உலருங்கால் வெடிக்கும். சிமெண்டு பூசலாகாது, ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு பெயர்ந்துவிடும். இறவாரத்தை 2 அடி வெளியே நீட்டி, நீர் வடிய வாய்க்கால் வெட்டுதல் நலம்.

சுவர் சாய்ந்தோ, வெடிப்பு ஊடுருவியோ இருப்பின் பூச்சினால் பயனில்லை. முட்டுக் கொடுத்து, அதனருகே உறங்காது, விரைவில் பிரித்துக் கட்டுதலே தகும். சங்க அங்கத்தினர் மாறிமாறி ஆளுதவி செய்துகொள்ளின் கூலிச்செலவு குறையும்.