மென்பொருள் படிக்கும் ரெஸ்யூமே

கேள்வி: தகுதி இருந்தும் இன்டர்வியூவுக்கு அழைப்பே வருவதில்லை. ரெஸ்யூமேயில் என்ன கோளாறு இருக்கும்?

பதில்: பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது பெரும்பாலும் மென்பொருள்தான். பக்கத்தை அழகாக இரண்டாகப் பிரித்து எழுதினால், சில மென்பொருள்கள் குறுக்காகப் படித்து, வேலை பார்த்த வருஷத்தைக் கல்லூரிப் பெயரோடு ஒட்டிவிடும். ரெஸ்யூமேயை ஸ்கேன் செய்த படமாக அனுப்பவே வேண்டாம்.

வேலை விளம்பரம் 'டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன்' என்று கேட்டால், 'கணக்கு வேலை தெரியும்' என்பது போதாது. உண்மையிலேயே செய்திருந்தால் அதே சொற்களை எழுத வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தாலே பல நிறுவனங்கள் வடிகட்டிவிடுகின்றன என்று 2021-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் வெளியிட்ட அறிக்கை சொன்னது. பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டவர்களுக்கு இது பெரிய அநியாயம். அந்த இடைவெளியில் முடித்த படிப்பு, பகுதிநேர வேலை எதுவானாலும் தேதியோடு குறிப்பிடுவது நல்லது.