நரகத்தைப் பற்றிப் பேசப்போகும் தம்பிக்கு

பிரியமுள்ள தம்பிக்கு,

சபை மாத இதழில் வந்த உன் பிரசங்கத்தை, ‘அன்பின் தேவனும் அணையாத அக்கினியும்’ என்பதை, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து வாசித்தேன். சுயாதீன சித்தம், பாவத்தின் கூலி, சிலுவையில் தீர்ந்த கடன் என்று முதல் மூன்று பக்கங்களில் நீ வைத்திருப்பதில் எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் உனக்கு நானே சொல்லித்தந்தவைதானே. அவற்றைத் தாண்டி நேராக என் எரிச்சலுக்கு வருகிறேன்.

நான்காம் பக்கத்தில் ஒரு நீதிபதி வருகிறார். கூண்டில் நிற்பவன் அவருடைய மகன். சட்டப்படி அபராதம் விதிக்கிறார். பிறகு அங்கியைக் கழற்றிவிட்டு இறங்கிவந்து தன் கைப்பணத்தைக் கட்டுகிறார். எத்தனை கூட்டங்களில் இந்த நீதிபதியைப் பார்த்துவிட்டேன்! சிலுவையை விளக்க அவர் ஓரளவு உதவுவார். நித்திய ஆக்கினையை விளக்க அவரைக் கூப்பிட்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அபராதம் கட்டினால் தீர்ந்துபோகும். சிறைவாசம் விடுதலை நாளிலோ சாவிலோ முடிந்துவிடும். இங்கே சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் தூக்குக்குப் போகிறவனுக்குக்கூட ஒரு விடியற்காலையோடு அரசாங்கம் கோப்பை மூடிவிடுகிறது. முடிவே இல்லாத தண்டனை தருகிற நீதிமன்றம் பூமியில் எங்கும் கிடையாது. உன் சபையார் கேட்கிற கேள்வியே அந்த முடிவின்மையைப் பற்றியது. அதற்கு நீ முடிவுள்ள தண்டனைகளை உதாரணம் காட்டிவிட்டு ஆமென் சொல்லிவிட்டாய்.

அடுத்த பத்தியில் இதற்கு ஒரு பழைய பதிலைக் கொண்டுவருகிறாய்: குற்றத்தின் கனம், அது யாருக்கு எதிராகச் செய்யப்பட்டதோ அவருடைய பெருமையைப் பொறுத்தது, தேவன் அளவற்றவர், ஆகவே தண்டனையும் அளவற்றது. 11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் போட்ட பாதையில் தாமஸ் அக்குவினாஸ் நடந்து, 18ஆம் நூற்றாண்டில் ஜொனதன் எட்வர்ட்ஸ் வரை வந்த வாதம் அது. பிரபுவை அடித்தால் ஒரு தண்டனை, குடியானவனை அடித்தால் வேறொரு தண்டனை என்றிருந்த ஊர்களில் அது எளிதாக விளங்கியிருக்கும். நீ தமிழன், தம்பி. அடித்தவன் எந்தப் படியில் நின்றான், அடிபட்டவன் எந்தப் படியில் நின்றான் என்று பார்த்துத் தண்டனை சொன்ன சட்டம் மனுவுடையது. திருநெல்வேலியிலும் நாஞ்சில் நாட்டிலும் நம் முன்னோர் கூட்டங்கூட்டமாகச் சபைக்கு வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. கடவுளின் சந்நிதியிலாவது இந்தப் படிக்கட்டு இருக்காது என்ற நம்பிக்கை அவற்றில் பெரியது. அவர்கள் எறிந்துவிட்டு வந்த அளவுகோலைப் பொறுக்கியெடுத்து நீ தேவனுடைய கையில் கொடுக்கலாமா? தாழ்ந்து வந்து சீஷர்களின் காலைக் கழுவினவர், தன் அந்தஸ்துக்கு வந்த அவமானத்தை யுகயுகமாகக் கணக்கு வைத்திருப்பார் என்று சொல்ல உனக்கு நா எழுந்தது எப்படி?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் இரண்டாம் பக்கத்துக்கு ஈடாக இந்த ஊரில் எந்தத் தமிழ்ப் பிரசங்கத்திலும் நான் ஒரு பத்தியைக் கண்டதில்லை. மகன் ஜொகூரில் வேலை முடிந்து கடற்பாலம் தாண்டி வரவேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கூட்டம். தாய் மார்சிலிங் புளோக்கின் நடைபாதையில் நின்று, கீழே வந்து நிற்கும் ஒவ்வொரு பேருந்திலிருந்தும் இறங்குகிற முகங்களைப் பார்க்கிறாள். அவன் முந்தின இரவு வீட்டோடு சண்டை போட்டுவிட்டுப் போனவன் என்பதை நீ கடைசி வரியில்தான் சொல்கிறாய். அந்தப் பத்தியை எழுதினவன் எழுத்தாளன். அதை வாசித்து அழுதேன். ஆனால் அந்தத் தாயை இரண்டாம் பக்கத்திலேயே விட்டுவிட்டு நான்காம் பக்கத்தில் நீதிபதியிடம் ஓடிவிட்டாயே! மகன் வராமலே போனால் அவள் எத்தனை மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப்போவாள் என்று அவளைக் கேட்டிருந்தால் உன் பிரசங்கம் வேறு பாதையில் போயிருக்கும்.

இரண்டாவது குறை என்னை இன்னும் வதைக்கிறது. உன் பிரசங்கத்தில் நரகத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் படர்க்கை. அவர்கள் மறுத்தார்கள், அவர்கள் விக்கிரகங்களைப் பற்றிக்கொண்டார்கள், அவர்களுக்கு அக்கினி. மோட்சத்துக்குப் போகிறவர்கள் மட்டும் தன்மைப் பன்மை. தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் அந்த ‘அவர்கள்’ யார் என்று யோசித்தாயா? நம்மில் பலருக்கு இரண்டு தலைமுறை பின்னால் போனால் விளக்கேற்றிக் கும்பிட்ட ஒரு பாட்டி இருப்பாள்.

அந்தப் பாட்டி இப்போது எங்கே என்ற வேதனை புதியதும் அல்ல. பிரான்சிஸ் சவேரியாரை நம் ஆட்களுக்குத் தெரியும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் நடுவில் தமிழில் ஜெபங்களைத் தொகுத்துக் கற்பித்தவர். பிறகு மலாக்கா வழியாக ஜப்பானுக்குப் போனார். அங்கே மனந்திரும்பினவர்கள் துயரத்தோடு அவரைக் கேட்டார்கள்: செத்துப்போன எங்கள் தாய் தகப்பன் எங்கே? ஜெபத்தாலும் தர்மத்தாலும் அவர்களை மீட்க முடியுமா? முடியாது, அந்தச் சிறையின் கதவு திறக்காது என்றார் சவேரியார். அவர்கள் அழுதார்கள். 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லிவிட்டு, அவர்களைப் பார்த்துத் தனக்கே கண்ணீரை அடக்க முடியவில்லை என்று எழுதுகிறார். அவருடைய பதிலை நான் ஏற்கவில்லை. அவருடைய கண்ணீரை ஏற்கிறேன். அந்த வருடக் கடைசியில் அவர் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகுமுன் சில மாதம் மலாக்காவில் புதைத்திருந்தார்கள். இங்கிருந்து மலாக்காவுக்குப் பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம், அவ்வளவு பக்கம். உன் பிரசங்கத்தில் அவருடைய பதில் இருக்கிறது, கண்ணீர் இல்லை.

நீ வாசித்தே ஆகவேண்டிய ஒருவர் சாது சுந்தர் சிங். அவர் 1918-19 பயணத்தில் பர்மா, மலாயா, சிங்கப்பூர் வழியாகத்தான் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போனார். அவரைப் பற்றி 1921இல் வந்த ‘தி சாது’ என்ற புத்தகத்தை ஆங்கிலேய இறையியலாளர் ஸ்ட்ரீட்டரோடு சேர்ந்து எழுதியவர் நம் பாளையங்கோட்டை ஏ. ஜே. அப்பாசாமி, பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயர். சுந்தர் சிங்கின் தாய் கிறிஸ்தவள் அல்ல. பக்தியை மகனுக்கு ஊட்டினவள் அவள்தான்; அவனுக்குப் பதினான்கு வயதாகும்போது இறந்துவிட்டாள். அவளைப் பற்றிக் கேட்டபோது, பரலோகத்தில் அம்மாவைக் காணவில்லை என்றால் என்னையும் நரகத்துக்கு அனுப்பும், அங்கே அவளோடு இருக்கிறேன் என்று தேவனிடம் கேட்பேன் என்றார். இதைச் சொன்னவர் விசுவாசத்தில் குறைந்தவர் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். நரகம் உண்டு என்றே அவர் போதித்தார். தேவன் ஒருவரையும் அங்கே தள்ளுவதில்லை, மனிதன் தனக்குத் தானே அதைக் கட்டிக்கொள்கிறான் என்றார். பரலோகத்துக்குள் விடப்பட்டும் அந்த வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் தானே வெளியே ஓடிய ஒருவனைத் தரிசனத்தில் கண்டதாகச் சொன்னார். நரகத்துக்குள்ளும் தேவ அன்பு வேலைசெய்கிறது என்பது அவருடைய சாட்சி. 7ஆம் நூற்றாண்டில் நினிவேயின் ஈசாக்கும், பாவிகளை வதைப்பது அன்பின் சாட்டைதான் என்று எழுதினார். நாலாம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி எல்லாம் ஒருநாள் சீர்ப்படும் என்று எதிர்பார்த்தார். அகுஸ்தீன் இப்படிப்பட்ட இளகிய மனதுக்காரர்களைக் கண்டித்து நீளமாக எழுதினார். இந்த வாதம் சபைக்குள்ளேயே நடந்த வாதம். உன் பிரசங்கத்திலோ அகுஸ்தீன் மட்டும் பேசுகிறார்.

என் ஆச்சியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைபார்த்த காலத்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஆச்சி பெறவில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் இரண்டு பஸ் மாறிச் செராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தலைவாரிச் சபைக்கு அனுப்புவாள். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது முழங்கால் போட்டு ஜெபிக்க வந்தவர்கள் பலர். மூன்று இரவு கண்விழித்து நெற்றியில் ஈரத்துணி போட்டவள் ஆச்சி. அவள் இறந்தபோது புளோக் கீழ்த்தளத்தில் சித்தப்பா இந்து முறைப்படி காரியம் செய்தார். துக்கம் கேட்க வந்த ஒரு பிரசங்கியார் அப்பாவின் தோளில் கைவைத்து, நேரம் இருக்கும்போதே தாயாரை ஆதாயப்படுத்தியிருக்கலாமே, இப்போது அவர்கள் இருக்கிற இடத்தை நினைத்தால் என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. அப்பா அதன் பிறகு வெகுகாலம் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகம் கையில் விரிந்திருக்கும், வாய் திறக்காது. அந்தப் பிரசங்கியார் கெட்ட மனிதர் அல்ல. நரகத்தைப் படர்க்கையில் பேசிப் பழகினவர், அவ்வளவுதான்.

நரகம் இல்லை என்று நீ பிரசங்கிக்க வேண்டும் என நான் கேட்கவில்லை. நித்திய ஆக்கினையைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார். அதை வெட்டியெடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் யாரிடம் பேசினார் என்று பார். மத்தேயு 25இல் இடதுபக்கம் நிற்கிறவர்கள் அவரை ஆண்டவரே என்று கூப்பிடத் தெரிந்தவர்கள். பசித்தவனுக்குச் சோறு போடாதவர்கள். லூக்கா 16இல் அக்கினியில் கிடப்பவன் ஆபிரகாமைத் தகப்பன் என்று அழைக்கிற, மதப் பழக்கம் உள்ளவன், வாசலில் கிடந்த லாசருவைத் தினமும் தாண்டிப் போனவன். அந்நிய மதத்துப் பாட்டியைக் காட்டி அவர் ஒருநாளும் பயமுறுத்தவில்லை. அந்த எச்சரிக்கை எனக்கும் உனக்கும் வந்தது. உட்லண்ட்ஸிலும் கிராஞ்சியிலும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் எங்கே இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். 2020இல் கொவிட் வந்து அவற்றின் வாயில்கள் அடைக்கப்பட்டபோதுதான் உள்ளே நம் தமிழ்ப் பிள்ளைகள் எப்படி நெருக்கிப் படுக்கிறார்கள் என்று நம்மில் பலர் முதன்முதலாக யோசித்தோம். லாசரு அத்தனை வருடமும் நம் வாசலில்தான் இருந்தான். இதைப் பிரசங்கி. அப்போது உன் குரல் நடுங்கட்டும்.

இன்னொன்று. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினதை அறிக்கையிடுகிறோம். பேதுருவின் முதல் நிருபம் அவர் காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்ததாகச் சொல்கிறது. கிழக்குச் சபைகளின் உயிர்த்தெழுதல் படங்களில் அவர் பாதாளத்தின் கதவுகளை மிதித்துக்கொண்டு நின்று, ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். உன் ஏழு பக்கத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. நேரம் கிடைத்தால் மார்சிலிங்கில் ரயிலேறி அடுத்த நிலையத்தில் இறங்கிக் கிராஞ்சி போர் நினைவிடத்துக்கும் போய் வா. தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு அங்கே தனி நினைவுச்சின்னம் இருக்கிறது. பெரும்பாலும் இந்தியப் படையினர், தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்டவர்கள். அந்தப் பெயர்களை வாய்விட்டு வாசி. பிறகு உன் நான்காம் பக்கத்தை அங்கேயே நின்று வாசிக்க முடிகிறதா பார்.

அடுத்த மாதம் உனக்கு லூக்கா 16 கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நீதிபதியை எடுத்துவிட்டு நடைபாதையில் நிற்கும் அந்தத் தாயைத் திரும்பக் கொண்டுவா. மூன்றாம் வரிசையில் உட்காருகிற தாதியை உனக்குத் தெரியும். தைப்பூசத்துக்குத் தவறாமல் பால்குடம் எடுத்த அவளுடைய அம்மா போன மாதம்தான் இறந்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத எந்த வாக்கியத்தையும் அந்தப் பிரசங்கத்தில் வைக்காதே.

உன் பழைய ஓய்வுநாள் பள்ளி டீச்சர்,
மார்சிலிங்