காக்க முடிந்த அளவுக்கு வெட்டு

அன்பு மகளுக்கு,

குடுமியான்மலைப் பக்கத்துக் கோயில் காட்டில் சீமைக் கருவேலத்தை அகற்ற ஊரார் ஒப்புக்கொண்டதை உன் கடிதத்தில் படித்து மகிழ்ந்தேன். எவ்வளவு வெட்டலாம் என்று கேட்டிருக்கிறாய். எவ்வளவு இடத்தில் கன்று நட்டு, இரண்டு கோடை தண்ணீர் ஊற்றி, ஆடு கடிக்காமல் காக்க முடியுமோ, அவ்வளவுதான் வெட்ட வேண்டும்.

ஜேசிபி வைத்தால் மொத்தக் காட்டையும் சீக்கிரம் வழித்துவிடலாம். ஆனால் நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் போட்ட விதை மண்ணுக்குள் கிடக்கிறது. வெறுந்தரையில் வெயில் பட்டு மழையும் பெய்தால் முந்தி முளைப்பது அதே முள்தான். மேலே மட்டும் வெட்டினாலும் தூரிலிருந்து கொத்தாகத் தழையும். தரைக்குக் கீழே தோண்டித் தூரோடு எடுங்கள். நெற்று முற்றுவதற்கு முன்பே எடுங்கள்.

அதற்கும் முன்னால், மரம் தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவரோடு காட்டைச் சுற்றி வா. வீரை, காசா, பாலை, உசிலை எல்லாம் முள்ளுக்குள்ளேயே கன்றாக நிற்கலாம். இந்த வறண்ட பசுமைமாறாக் காட்டுக்கு உரியவை அவைதான். ஒவ்வொன்றிலும் துணி கட்டி வை. தானாக முளைத்த ஒரு கன்று, நாம் நடும் பல கன்றுகளைவிட உறுதியானது. கோடையில் தூர் எடுத்து, ஆவணியில் குழி வெட்டி, ஐப்பசி மழையில் நடுங்கள்.

1870களில் விறகுக்காகச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட மரம் சீமைக் கருவேலம். இன்றும் இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. அவர்களிடம் முதலில் பேசு. வேலையும் விறகும் அவர்களுக்கே போகட்டும். தூர் எடுக்கும் பக்குவம் அவர்கள் கைக்குத் தெரியும்.

அந்நியத் தாவரங்கள் குறித்துத் தமிழக அரசு 2022இல் வெளியிட்ட கொள்கையும், அகற்றுவதோடு வாழிடத்தை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது. அந்த மீட்புக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புது முள்கன்றுகளைக் கையால் பிடுங்கியே ஆக வேண்டும். நீ படிப்பு முடித்துப் போன பின் யார் பிடுங்குவார்கள்? ஊரில் இருவர், உங்கள் கல்லூரி இளையவர்களில் இருவர் என்று இப்போதே பேசி முடிவு செய். அது முடிவானதும் எழுது. கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா