பிளக்கைக் கழட்டிப் பாருங்க, மெஷின் சொல்லும்



நம்ம குழுக்கள் பலவற்றில் இப்போ களை எடுக்கும் பவர் வீடர் வாங்கி வாடகைக்கு விடுறோம். அப்படி ஒரு குழுவில் நடந்ததை முதலில் சொல்லிடறோம். வேலை இல்லாத மாதங்களில் டேங்கில் பெட்ரோலோடு மெஷினை நிறுத்தி வைத்திருந்தார்கள். சீசனில் எடுத்தபோது பாதி சோக் போட்டால்தான் ஓடியது. சோக்கை எடுத்தால் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. "ஓடுதுல்ல, ஓட்டுங்க, பெட்ரோலும் கம்மியாத்தான் குடிக்குது" என்று பழுது பார்த்தவர் சொன்னார். நாங்களும் கூட நின்று தலையாட்டினோம். மூன்றாம் வாரம் நடு வயலில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பிஸ்டன், சிலிண்டர் இரண்டையும் மாற்ற வேண்டி வந்தது. வாடகை நின்றது, கடன் தவணை நிற்கவில்லை.

கழட்டி வைத்த ஸ்பார்க் பிளக்கை அப்புறம்தான் கையில் வாங்கிப் பார்த்தோம். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. முதல் வாரமே யாராவது இதைப் பார்த்திருந்தால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்ததோடு போயிருக்கும்.

ஏன் வெள்ளையாச்சு? நம்ம விறகு அடுப்பையே நினைச்சுப் பாருங்க. காற்று போதலேன்னா புகையும், பாத்திரத்தில் கரி பிடிக்கும். இன்ஜினுக்குள்ளேயும் அதே கதைதான். ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்கா எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேணும். பெட்ரோல் கூடினால் பிளக்கில் கரி படியும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் உள்ளே சூடு ஏறி, பிளக் வெளுத்துப் போகும். அந்தக் குழுவின் மெஷினில் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி காய்ந்து, கார்புரேட்டரின் சின்ன துவாரத்தைப் பாதி அடைத்திருந்தது. கம்மியா குடிக்குதுன்னு சந்தோஷப்பட்டது இதனால்தான்!

பிளக்கின் நுனியில் நடுக் கம்பியைச் சுற்றி பீங்கான் இருக்கும். அந்த நிறத்தைத்தான் பார்க்கணும். பால் டீ நிறத்தில், இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. சட்டிக் கரி மாதிரி உலர்ந்த கறுப்பு, விரலில் தேய்த்தால் ஒட்டுது என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. பெரும்பாலும் சோக்கை எடுக்க மறந்திருப்போம், இல்லேன்னா ஏர் பில்டரில் தூசி அடைத்திருக்கும். ஸ்பாஞ்ச் பில்டர் என்றால் சோப்புத் தண்ணியில் அலசி, நல்லா காய வைத்து, சுத்தமான இன்ஜின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்க. கண்மை மாதிரி பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில் உள்ளே ஏறுது: ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம், மெஷினைச் சாய்த்து வைத்திருக்கலாம், ரிங் தேய்ந்திருக்கலாம். வெள்ளையாகவோ, பீங்கானில் கொப்புளமாகவோ தெரிந்தால் அன்றைக்கே மெஷினை நிறுத்திடுங்க. கறுப்புக்கு நாலு நாள் பொறுக்கலாம், வெள்ளைக்குப் பொறுக்கக் கூடாது.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் புல் வெட்டும் மெஷினில் பிளக் கொஞ்சம் கருமையாக, பிசுக்காக இருப்பது வழக்கம்தான். ஆனால் அதில் பெட்ரோல் குறைந்தால் கூடவே ஆயிலும் குறையும். சீக்கிரம் இறுகிடும், கூடுதல் கவனம் வேணும். டீசல் மெஷினில் இந்தப் பிளக்கே கிடையாது, தேடாதீங்க.

இப்போ பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்புரேட்டர் மெஷினில் கலவை கொஞ்சம் காற்றுப் பக்கம் சாயும். அது தண்ணியையும் இழுக்கும். அதனால் சீசன் முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துதான் வைக்கணும்.

பார்க்கும் முறைதான் முக்கியம். மெஷின் அரை மணி நேரமாவது மண்ணில் வேலை செய்திருக்கணும், அந்த வேகத்திலேயே சுவிட்சை அணைக்கணும். வரப்போரம் நிறுத்தி சும்மா ஓடவிட்டு அணைத்தால், அந்தச் சும்மா ஓடின கரிதான் தெரியும், ஏமாந்து போவோம். புதுப் பிளக் போட்ட அன்றைக்கே பார்ப்பதும் வீண், நிறம் பிடிக்க சில மணி நேரம் ஓடணும்.

நல்லா ஆறின பிறகு கழட்டுங்க. சூட்டில் திருகினால் கையும் சுடும், அலுமினிய மரையும் போயிடும். கழட்டுமுன் சுற்றியிருக்கும் மண்ணைத் துடைச்சுடுங்க, ஒரு துளி மண் உள்ளே விழுந்தாலும் கெடுதல். திரும்பப் போடும்போது கையாலேயே கடைசி வரை திருகி, அப்புறம் ஸ்பேனர் வையுங்க. பழைய பிளக் என்றால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், புதுசு என்றால் அரைச் சுற்று. பலத்தையெல்லாம் காட்டாதீங்க.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது, மெஷின் உள்ள குழுக்கள் தங்கள் பழைய பிளக்கை ஒரு காகிதத்தில் சுற்றி, எந்த மெஷின், எத்தனை மாதம் ஓடியது என்று எழுதி எடுத்துட்டு வாங்க. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்ப்போம். அந்த வெள்ளைப் பிளக்கை நாங்க பத்திரமா வைத்திருக்கோம், அதையும் கொண்டு வர்றோம்.